மூடியைத் தூக்குகிறவர்

மூடியைத் தூக்கிவிட்டார். காலையிலிருந்து இது ஏழாவது முறை. டிரம்முக்குள் அரைமணி நேரமாகச் சேர்ந்திருந்த சூடும் புகையும் ஒரே மூச்சில் வெளியே வந்து, எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைத் தடவிக்கொண்டு போயின. பக்கத்து வீட்டுக் காசிம் பாய் கண்ணைச் சுருக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கறியை ஒரு விரலால் அழுத்தினார். விரலை முகர்ந்தார். மூடினார்.

"தொறக்காதீங்க பாய்னு எத்தனை தடவ சொல்றது?"

"பாத்தாத்தானேம்மா தெரியும்?" என்றார். இந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பதிலை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கடையில் தகரப் பெட்டி செய்கிறவர் அவர். கடத்தூர், அரூர் பக்கம் கல்யாணம் ஆகிப் போகிற பெண்களின் சீர்வரிசையில் அவர் செய்த பெட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். பச்சை பெயின்ட், மூடியில் ஒரு ரோஜாப்பூ. பெட்டியை விற்கும்முன் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சத்தம் கேட்பார். வாங்க வந்தவர்கள் பஸ் போய்விடும் என்று கெஞ்சுவார்கள். "இருங்க, கீல் இன்னும் பேசலை" என்பார். வீட்டிலும் இதே கதைதான். சோறு பொங்கும் பானையைத் திறப்பார். அடைகாத்த கோழியை முட்டை மேலிருந்து தூக்கித் தூக்கிப் பார்த்ததில் அது கோபித்துக்கொண்டு கூடையை விட்டே போய்விட்டது. தகரம் கிழித்த கட்டைவிரலுக்கு டாக்டர் போட்ட கட்டுத்துணியை நாளுக்கு இரண்டு முறை அவிழ்த்துப் பார்த்து, பத்து நாளில் ஆறவேண்டிய புண்ணை ஒன்றரை மாதம் வளர்த்தவர்.

இந்த டிரம் விவகாரத்தை ஆரம்பித்து வைத்த பாவம் என்னுடையது. அவர் மனைவி ரஹமத் பீவிக்குச் சர்க்கரை. போன வருடம் ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டிக் கொடுத்த பல்செட் கடித்தால் வலிக்கிறது என்று டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. ஒரு காலத்தில் எலும்பைக்கூட விடாத அம்மாள், இப்போது பருப்புச் சோறு பிசைந்து விழுங்குகிறார். குக்கரில் வேகவைத்துக் கொடுத்தால், "நனைஞ்ச துணிய மெல்றாப்ல இருக்குது" என்று தள்ளிவைக்கிறார். கைமா என்றால், "அது கொழந்தைங்களுக்கு ஆக்குறது" என்கிறார். அவர் எதிரில் உட்கார்ந்து கறி தின்ன முடியாமல் காசிம் பாயும் பருப்புக்கு மாறிவிட்டார்.

மூன்று வருடம் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்த நான், ஒருநாள் கடையில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தேன். டெக்சாஸில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் மாட்டு நெஞ்சுக்கறியை முழுத் துண்டாக, உப்பும் மிளகும் தடவி, பகல் முழுக்கப் புகையில் வைத்து எடுப்பார்; கத்தி வேண்டாம், பல்லும் வேண்டாம், விரலால் தொட்டாலே பிரியும் என்றேன். சுத்தியல் நின்றது.

"பல்லு வேணாமா?"

"வேணாம் பாய்."

"மரத்தூள் அடுப்பு இருக்குதே நம்ம வூட்ல. அதுவும் நாள் பூரா எரியுது" என்றார். அன்று மாலையே, குடிநீர் பிடித்து வைப்பதற்காக ரஹமத் பீவி ஆசையாக வாங்கிய புதுத் தகர டிரம்மில் ஓட்டை விழுந்தது.

அவர் கை வேலையைக் குறை சொல்ல முடியாது. அடுப்பில் தூளைத் தளர்வாகப் போட்டால் சரிந்து அணைந்துவிடுகிறது என்று, புளியமரத் தூளைக் கஞ்சியில் பிசைந்து, தானே செய்த தகரக் குழாயில் திணித்துத் தள்ளி, பீடித் துண்டு அளவில் குச்சிகளாக்கி மாடியில் காயவைத்தார். டிரம்மின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு குழாய். அதன் வாயில் சின்னத் தகரக் கதவு. கதவை இழுத்தால் ஒரு பிடி குச்சி உருண்டுபோய் நெருப்பில் விழும். டெக்சாஸ்காரர் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆனால் மூடியைத் தூக்குகிறாரே! இரண்டாவது வாரம் மரவாடியில் வாங்கிய தூளில் வேப்பந்தூள் கலந்துவிட்டது. கறி கஷாயமாகக் கசந்தது. அது ஒன்றுதான் அவர் தப்பில்லாமல் கெட்டது. மற்ற எல்லா வாரமும், கறி சூடேறும்போதெல்லாம் திறந்து திறந்து ஆறவைத்து, கடைசியில் செருப்புத் தோலை எடுத்துக் கையில் கொடுத்தார். ஆறாவது ஞாயிறும் அப்படித்தான் முடிந்தது. ரஹமத் பீவி ஒரு துண்டை வாயில் போட்டு, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஓசையில்லாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"கசாப்புக்கடை உசேன் சிரிக்கறாரு. சூப்புக்குப் போடற துண்டுக்கு இவ்ளோ சீராட்டான்னு. அடுத்த வாரந்தான் கடைசி. ஆவலைன்னா டிரம்முக்கு அடைப்பு வச்சுக் குடுங்க, தேச்சுக் கழுவித் தண்ணி புடிக்கணும். கொழாய்ல தண்ணி மூணு நாளுக்கு ஒருக்கா வருது" என்றார்.

மதிலுக்கு அப்பாலிருந்து என் அம்மா ஜானகியம்மாள், "புடிங்க தாயி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். உலகம் பூரா சுத்திட்டு வந்து எம்பொண்ணு இந்தத் தெருவுக்குக் கொண்டாந்தது பொகைதான்" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலில், "பொட்டி செய்யறவர்தானே பாய் நீங்க? டிரம்முக்கும் ஒரு பூட்டு போட்டுக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனால், டிரம்மின் மூடியில் நாதாங்கி. நான்கு ஆணி அடித்து, பச்சை பெயின்ட் பூசி, கல்யாணப் பெட்டிக்குப் போடுகிற பூட்டைத் தொங்கவிட்டிருந்தார். நெஞ்சுக்கறி உள்ளே போயாகிவிட்டது. சாவி ரஹமத் பீவியின் முந்தானை முடிச்சில்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டை என்ன சொல்ல! டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டு, காதைச் சுட்டுக்கொண்டார். குச்சி போடும் கதவு வழியாக எட்டிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்தார். பத்து மணிக்கு மனைவியிடம் போனார்.

"சாவியக் கொஞ்சம் காட்டு."

"எதுக்கு?"

"தொலைச்சிட்டியோன்னு பாக்கறேன்."

"தொலைஞ்சா ஒடைக்கத் தெரியாதா உங்களுக்கு? போங்க, போய்க் குச்சி போடுங்க."

பன்னிரண்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது ஒரு கையில் ஆணி, ஒரு கையில் சுத்தியல்.

"பாய்! என்ன பண்றீங்க?"

"சின்னதா ஒரு ஓட்டைம்மா. கண்ணு வைக்கற அளவுக்கு. சூடு போவாது."

சுத்தியலைப் பிடுங்கி எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். ஆள்மேல் நம்பிக்கை இல்லாததால் ஆணியையும். மத்தியானம் முழுவதும் அவர் கடையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்து, அதன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு அவர் டிரம்மையே திறந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அவர் திரும்பியபோது மணி ஐந்து. ரஹமத் பீவி முடிச்சை அவிழ்த்தார். சாவியை அவரிடம் கொடுக்கவில்லை; தானே பூட்டைத் திறந்தார். உள்ளே கறி தார் உருண்டைபோல் கறுத்துக் கிடந்தது. ரஹமத் பீவி அதைத் தாம்பாளத்தில் எடுத்துவைத்து, ஆறும்வரை காத்திருந்து, இரண்டு விரலால் ஓரத்தை இழுத்தார். இழுத்த இழுப்புக்கு நார் நாராக வந்தது. உள்ளே ஈரமும் செம்மையுமாக இருந்தது.

என் அம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு மதிலோரம் நின்றிருந்தார். போகவில்லை. ரஹமத் பீவி துண்டை வாயில் போட்டார். தாடை மெதுவாக அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டைப் பிய்த்தார். அதற்கடுத்து, பெரிய துண்டாக ஒன்று.

"பாய், இங்க பாருங்க!" என்றேன். "பாத்தாத்தானே தெரியும்?"

காசிம் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காலி டிரம்மின் மேல் மூடியைப் பொருத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டைப் பூட்டி, அது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.