மாமியை நான் ஓட்டத்தில் வென்றது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டுக்காரர் இருந்தவரை கடிதம்கூட அவர்தான் எழுதுவார். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தால் யாராவது ஒருவர், "இவதானே மாமியை ஓட்டத்தில வெண்டவ" என்று என்னைக் காட்டிச் சொல்லுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முழுக் கதையையும் நான் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நாங்கள் ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்த சரிவில் குடியிருந்தோம். பின்பக்கம் சமைக்கும் குசினிக் கதவைத் திறந்தால் உடனே மலைதான். ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதை ஒன்று பற்றைகளுக்குள்ளால் மேலே போகும். உச்சியில் ஒரு பாலை மரம். அங்கே நின்றால் முதுகுப் பக்கம் துறைமுகமும் கப்பல்களும், முகத்துக்கு நேரே வெளிக்கடலும், கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலின் ஸ்டேசனும் தெரியும். அப்பாவுக்கு மூதூரில் நெல்லுக் கடையில் வேலை. கடல் கொந்தளித்து லோஞ்ச் படகு ஓடாவிட்டால் கிழமைக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். ஆகவே வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியாகிய என் மாமா. அவ்வளவுதான்.

மாமா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். துறைமுகத்தில் வேலை கிடைத்து ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டியோடும் ஒரு பெண்சாதியோடும் வந்து இறங்கினார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை. அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்ததுபோல. ஏனென்றால் மூதூருக்கு அப்பால் ஈச்சிலம்பற்றில் அப்பாவின் சொந்தத்துக்குள்ளே மாமாவுக்குப் பெண் பேசி வைத்திருந்தார். வயலும் வளவுமுள்ள குடும்பம். கலியாணம் முடிந்துபோன செய்தியை அந்த வீட்டுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அம்மா சொல்லாமலே இருந்துவிட்டார்.

மாமி வந்தது கச்சான் காற்றுக் காலம். வெக்கையில் மண்ணே கொதிக்கும். பாவம், மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, வாடிய கீரைபோல மூலையில் கிடப்பார். மீன் வாடை பிடிக்காது. அம்மாவை "அண்ணி" என்று கூப்பிடுவார்.

"நான் எப்ப உனக்கு அண்ணன் பெண்சாதி ஆனனான்? மச்சாள் எண்டு சொல்லு."

"சரிங்க அண்ணி" என்பார் மாமி.

எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். நாங்கள் "ஓம்" என்போம். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வேலியில் தொங்கிக்கொண்டு "ஆமா, ஆமா" என்று ஆடு கத்துவதுபோல் கத்துவோம். மாமி கோபிக்கமாட்டார். தானும் சேர்ந்து கத்துவார்.

பிறகு மார்கழி வந்தது. வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் ஊரில் எல்லோரும் நோயாளிகள். யன்னலைச் சாத்திவிட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்போம். மாமிக்கோ அன்றுதான் உயிர் வந்தது. விடியவே எழும்பி நாங்கள் சாத்திய யன்னலையெல்லாம் திறந்துவிட்டார். பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையை எடுத்துச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சட்டை அது.

"வா பாப்பா, வெறகு பொறுக்கப் போவோம்" என்று என்னை மலைக்குக் கூட்டிப்போனார். விறகு என்பது சும்மா ஒரு பேச்சு. பாதை தொடங்கும் இடத்தில் சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகினார். "அந்த மரத்தத் தொட்டுட்டுத் திரும்பி வரணும். யாரு மொதல்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் இல்லை.

மாமி ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மேட்டில் ஏறினால் முன்னுக்குக் குனிந்து மூச்சிரைப்போம். மாமி நிமிர்ந்தபடியே ஏறுவார். இறங்கும்போது காலைக் குறுக்கே வைத்து, கல்லுக்குக் கல் தத்தி, தண்ணீர் வடிவதுபோல வருவார். சூரை முள்ளுப் பற்றை என் சட்டையைப் பிடித்து இழுக்கும், மாமியின் சீலையைத் தொடவே தொடாது. அந்த மார்கழியில் மழை விட்ட நேரமெல்லாம் ஓடினோம். ஒவ்வொரு முறையும் நான்தான் தோற்றேன். ஒருநாள் அழுதுகொண்டு, "நீங்கள் பெரிய ஆள்தானே, கொஞ்சம் விட்டுத்தந்தால் என்ன?" என்று கேட்டேன்.

"விட்டுக்குடுத்தா அது ஓட்டமில்ல பாப்பா" என்றார்.

ஒருநாள் பின்னேரம் ஈச்சிலம்பற்றுச் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் லோஞ்ச் நின்றுபோனதால் டவுனில் யார் வீட்டிலோ தங்கியிருந்தவர்கள். அந்தக் கலியாணப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்கவே வந்திருந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அப்போது பார்த்து மாமி தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"இது ஆர் பிள்ளை?" என்றார் அதில் பெரியவர்.

அம்மா வெற்றிலைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "மலைநாட்டுப் பிள்ளை. வீட்டு வேலைக்கு வந்து நிக்குது" என்றார்.

மாமி தட்டை மெதுவாக வைத்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

நான் அது அம்மாவின் பகிடி என்று நினைத்தேன். அம்மா பகிடி விடுவது அரிது. விட்டும் ஒருவரும் சிரிக்கவில்லையே என்று எனக்கு அந்தரமாக இருந்தது. விருந்தாளிகள் புறப்பட்டதும் பின்னால் ஓடிப்போய்ப் படலையடியில் வைத்து விளக்கம் சொன்னேன். "அது வேலைக்கு வந்த ஆள் இல்லை. அது என்ர மாமி. மாமா கலியாணம் முடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவர். அம்மா உங்களுக்குப் பகிடி விட்டவ."

அவர்கள் அப்போதும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவர் வெற்றிலையை எங்கள் வேலியடியில் துப்பிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அம்மா என் கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினார். எதற்கென்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மாமா வேலைக்குப் போய்விட்டார். அம்மா சந்தைக்குப் போனார். நல்ல காற்று, தூறலும் இருந்தது. நான் போர்வைக்குள்ளே கிடந்து பார்க்கிறேன், மாமி பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீலைப் பையோடு குசினிக் கதவால் வெளியே போகிறார். றோட்டால் போனால் சந்தையில் அம்மா காண்பார் என்றுதான் மலைப்பாதையைப் பிடித்திருக்கிறார். அது இப்போது விளங்குகிறது. எனக்கு அன்று விளங்கியது ஒன்றேதான்: மாமி எனக்குச் சொல்லாமல் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

"மாமி! கள்ள ஆட்டம்! கள்ள ஆட்டம்!" என்று கத்திக்கொண்டு போட்டிருந்த மெல்லிய சட்டையோடு பாய்ந்தேன்.

மாமி திரும்பிப் பார்த்தார். "வராத பாப்பா! வீட்டுக்குப் போ!"

அதுவும் ஆட்டத்தில் ஒரு தந்திரம் என்று எடுத்துக்கொண்டேன். மாமி ஓடினார். நானும் ஓடினேன். அதற்கு முன்னர் அவர் என்னோடு ஓடியதெல்லாம் விளையாட்டுத்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதையில் செம்மண் தண்ணீர் வழிந்தது. நான் விழுந்து, எழும்பி, கையால் ஊன்றி ஏறினேன். காய்ந்த சருகெல்லாம் பறந்து வந்து முகத்தில் அடித்தது. தூறல் ஊசிபோலக் குத்தியது. பாலை மரத்தடிக்கு வந்தபோது வெளிக்கடல் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல் என்னை இருத்திவிட்டது. பல்லோடு பல் அடித்தது. மாமி மற்றப் பக்கச் சரிவில் பாதித் தூரம் இறங்கிவிட்டார். மரத்தைத் தொடவுமில்லை. கீழே ஸ்டேசனில் கோச்சி நிற்கிறது. அதன் புகையைக் காற்று மேலே எழும்ப விடாமல் நிலத்தோடு அமத்திக்கொண்டு போனது.

"மாமி, குளிருது!" என்று கத்தினேன்.

காற்று எதிரே வந்தது. என் சத்தம் பின்னால் துறைமுகத்துப் பக்கம்தான் போயிருக்கும். மாமிக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் நின்றார். திரும்பினார். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு மேலே ஏறி வந்தார். ஏறும்போது முதல்முறையாக மூச்சிரைத்தார்.

வந்ததும் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் தலையால் போட்டுவிட்டார். சட்டைக் கை இரண்டும் என் முழங்கால் வரை தொங்கின. அதற்குள் மாமியின் சூடு இருந்தது.

"தனியா வீட்டுக்குப் போயிருவியா பாப்பா?"

"ஏலாது. வழியில குரங்கு நிக்கும்."

மாமி கோச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோச்சி எங்க போகுது மாமி?"

"மலைக்கு. எங்க ஊருக்கு."

"அங்கயும் இப்பிடிக் குளிரோ?"

"இதவிடக் குளிரு."

"சட்டை என்னட்டை இருக்கே. நீங்கள் அங்க போனா என்னத்தைப் போடுவியள்?"

மாமி சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. காற்றுக்கு என் கண்ணிலும்தான் வடிந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் முறைப்பாட்டைச் சொல்ல இதுதான் நேரம் என்று சட்டைக் கையை மேலே தள்ளி, கிள்ளிய இடத்தைக் காட்டினேன்.

"இதைப் பாருங்கோ. அம்மா கிள்ளினவ."

"ஏன்?"

"நேற்று வந்த ஆக்களுக்கு அம்மா உங்களை வேலைக்கு வந்த பிள்ளை எண்டு பகிடி விட்டாதானே. நான் படலைக்குப் போய், அது வேலைக்கு வந்த ஆள் இல்லை, அது என்ர மாமி எண்டு சொன்னனான். அதுக்குத்தான் கிள்ளினவ."

"நெசமாவா? அவுங்ககிட்டயே சொன்னியா?"

"ஓம். அவையள் சிரிக்கவே இல்லை."

மாமி அந்தக் கிள்ளுப்பட்ட இடத்தைப் பெருவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். கீழே கோச்சி கூவியது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகர்ந்தன. மாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் மூக்கைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"சரி பாப்பா. வீட்டுக்கு யாரு மொதல்ல?"

நான் ஓடினேன். நீண்ட சட்டைக் கைகள் இரண்டும் செட்டைபோல் அடிக்க, சரிவில் காலைக் குறுக்கே வைத்து, மாமி இறங்குவதுபோலவே இறங்கினேன். பின்னால் கல் உருளும் சத்தம் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்க்கப் பயம், பார்த்தால் முந்திவிடுவார்.

கீழே குசினி வாசலில் அம்மா நின்றார். சந்தைப் பை நிலத்தில் கவிழ்ந்து கத்தரிக்காய் உருண்டு கிடந்தது. தலை நனைந்து தண்ணீர் ஒழுகியது. கொடியில் மாமியின் சீலையைக் காணவில்லை என்பதை அவர் கண்டிருக்க வேண்டும்.

"அம்மா! நான் வெண்டிட்டன்! மாமியை வெண்டிட்டன்!"

அம்மா என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார். மாமி ஓடவில்லை. பையைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. "நீதான் வெண்டனி." நேற்றுக் கிள்ளிய கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

மாமி வந்ததும் அம்மா அந்தப் பையை வாங்கித் தன் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். "நனைஞ்சு போட்டாய். போய்த் தலையைத் துவட்டு. கோப்பி போட்டுத் தாறன்" என்றார்.

"சரிங்க அண்ணி."

அம்மா அன்றைக்குத் திருத்தவில்லை. பிறகும் ஒருநாளும் திருத்தவில்லை. மாமாவுக்கு அந்தப் பையைப் பற்றி யாரும் சொல்லவும் இல்லை.

மழை விட்டு லோஞ்ச் ஓடத் தொடங்கியபிறகு அந்த ஈச்சிலம்பற்றுப் பெரியவர் திரும்பவும் வந்தார். நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருப்பார். அவர் வாய் திறக்குமுன் அம்மா குசினியைப் பார்த்து மாமியைக் கூப்பிட்டார். "இது என்ர தம்பி பெண்சாதி" என்றார் அவரிடம். மாமியிடம், "நீ கதிரையில இரு பிள்ளை. தேத்தண்ணி நான் போடுறன்" என்றார். மாமி கதிரையின் விளிம்பில் எழும்ப ஆயத்தம்போல இருந்தார். நான் பக்கத்தில் நின்று, மாமியை ஓட்டத்தில் வென்ற கதையை அந்தப் பெரியவருக்குச் சொன்னேன். அந்த வருடம் அவர்கள் வயலிலிருந்து எங்களுக்கு வழக்கமாக வரும் நெல் வரவில்லை.

நான் வென்றதற்குக் காரணம் அந்தப் பச்சைச் சட்டைதான் என்று நீண்ட நாள் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு, வெயில் கொளுத்தும்போது, மாமியிடம் கெஞ்சி அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். கடைசியாக வந்தேன். சட்டையில் பிழையில்லை, காற்று இல்லாததுதான் காரணம் என்று எல்லோருக்கும் சொன்னேன். மாமியிடம் யாராவது, "உண்மையில் இவளோ வெண்டவள்?" என்று கேட்டால், அவர் என்னைப் பார்த்துக்கொண்டு, "ஓம், அவதான் வெண்டவ" என்பார். அவர் "ஆமா" என்பதை விட்டு "ஓம்" என்று சொல்லத் தொடங்கியது எப்போதென்று நான் கவனிக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அது ஓட்டமில்லை என்று சொன்னவர், அன்று ஸ்டேசனுக்குப் பாதி வழியில் நின்று எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் முதலில் வந்தேன் என்பதுதான்.

இவ்வளவுதான். காலைக் கோச்சி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, உச்சியில் நின்றது பாலை மரமா வேறு மரமா, ஈச்சிலம்பற்றுக்காரர் அப்பாவுக்கு என்ன முறை, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. மாமியின் மகள் இதை வாசித்தால் விசாரித்துச் சரியாக்கிவிடட்டும். எழுத்துப் பிழையையும் திருத்தட்டும். யார் வென்றது என்பதை மட்டும் மாமியிடம் கேட்க வேண்டாம். அவருக்கு இப்போது காது கேட்பது குறைவு. கேட்டாலும் அதையேதான் சொல்லுவார்.