கொல்லை என்று சொன்னார்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். எந்த ஊருக்கு வண்டியோடு போனாலும் முதல் வாரத்திலேயே அந்த ஊர்க்காரர்களைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிடுவேன். ஜவ்வாது மலைக்குப் போயிருந்த வருஷம் மட்டும், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு மலைக் கிராமத்துக்கு மண்பாதை வெட்டும் வேலை. நான் புல்டோசர் ஓட்டுபவன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், தட்டையான பூமி. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதே எனக்குப் புதிது. மேல்பக்கத்து மண்ணை வண்டிக்கு முன்னால் இருக்கும் இரும்புப் பிளேடால் வெட்டிப் பள்ளத்துப் பக்கம் தள்ள வேண்டும். மலையில் பாதை அப்படித்தான் உண்டாகிறது. பிளேடு கல்லில் உரசுகிறதா, வேரில் மாட்டுகிறதா என்று கண் பார்ப்பதற்குள் இடுப்பு சொல்லிவிடும்.

பேச்சும் எனக்குப் புதிது. 'என்ன' இங்கே 'இன்னா', வீடு 'வூடு'. கூலியாட்களைக் கவனித்துக்கொண்ட மேஸ்திரி கண்ணமங்கலத்துக்காரர். அன்றன்றைக்குக் காதில் விழுந்த சொற்களுக்கு அவரிடம்தான் அர்த்தம் கேட்பேன். என்னப்பா, பரீட்சை எழுதப் போகிறாயா என்று கிண்டல் செய்வார், ஆனாலும் சொல்லிவிடுவார்.

ஆடி மாதம் ஒரு காலையில் பாதை ஒரு வீட்டின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வெளியே வந்தார். புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவர், நாற்பது வயது இருக்கும். என்ஜினை அணைக்காமலே, கீழே என்ன இருக்கிறது, மண்ணைத் தள்ளலாமா என்று கத்திக் கேட்டேன்.

"கீழ எங்க கொல்லைங்க. பாத்துத் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்பக்கம். ஒருவர் கொல்லைக்குப் போகிறேன் என்றால், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தேன். சரிவில் கல்லும் செம்மண்ணுமாக வெற்றிடம், ஒரு பச்சை கிடையாது. பார்த்து என்றது காலை எங்கே வைப்பது என்பதற்காகத்தான் இருக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, தோள் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினேன். நாலு பிளேடு மண் கல்லும் வேருமாகக் கீழே போய் விழுந்தது.

குடத்தோடு திரும்பிய அம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். என்ஜினை அணைத்தேன். அவர் கத்தவில்லை.

"நேத்துதாங்க சாமை வெதச்சேன். இருந்த வெத அவ்ளோதான்."

புரியாமல் மேஸ்திரியைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் மழையை நம்பிப் பயிர் வைக்கிற நிலத்துக்குப் பேர்தான் கொல்லை என்றார் அவர். சோற்றில் மண்ணைப் போடுகிறான் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். நான் டன் கணக்கில் போட்டிருந்தேன், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு.

தள்ளிய மண்ணை மறுபடி வழித்துக் கொல்லைக்குக் கீழே இருந்த புதரில் தள்ளலாம். ஆனால் பிளேடு கொஞ்சம் அதிகமாக இறங்கினால் விதையும் சேர்ந்து போய்விடும். இறங்காவிட்டால் விதை மண்ணுக்கடியிலேயே மக்கிவிடும். இந்தத் தடவை இறங்கிப் போய்க் கேட்டேன். மேலே எவ்வளவு மண் இருந்தால் சாமை முளைக்கும்? அம்மாள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். விதை எப்படி இருக்கும் என்றேன். வீட்டிலிருந்து விதைக் கூடையை எடுத்து வந்து, அதன் இடுக்கில் சிக்கியிருந்த நாலைந்தைத் தட்டி என் உள்ளங்கையில் போட்டார். கடுகளவுதான் இருந்தது. இதை நம்பியா ஒரு வருஷம் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

பாதையின் முனையிலிருந்து வண்டியைப் பக்கவாட்டில் இறக்கினேன். அவர் ஓரமாக நடந்துகொண்டே குச்சியால் குத்திப் பார்த்து, பிளேடைத் தூக்கு, இறக்கு என்று கையைக் காட்டினார். இரண்டு விரல் கணக்கில் நான் பிளேடைப் பிடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். மிச்சத்தை ஆட்கள் மண்வெட்டியால் வழித்தார்கள். பகல் திரும்புவதற்குள் மண் போய்விட்டது. ஆனால் புல்டோசருக்குச் சக்கரம் கிடையாது, இரும்புச் செயின்தான். அது பிளேடுக்குப் பின்னாலேயே வரும். கொல்லை முழுக்க அதன் தடம். இத்தனை கனத்தை அந்தப் பொடி விதை தாங்குமா என்று கேட்டேன். அம்மாளுக்கும் தெரியவில்லை. அவர் கொல்லையில் அதுவரை மாடு மட்டும்தான் நடந்திருக்கிறது.

மூன்றாம் நாள் மழை பெய்தது. வேலை மேலே நகர்ந்துவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அந்தக் கொல்லையில் போய்க் குந்தி உற்றுப் பார்ப்பேன். கோழி அடைகாக்கிறது என்றார் மேஸ்திரி.

ஒரு வாரம் கழித்து முளை தெரிந்தது. வாரி இறைத்த விதை அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் என்று நினைத்திருந்தேன். செயின் அழுத்திய பள்ளங்களில்தான் அதிகம் வந்திருந்தது, ஏணிப்படி மாதிரி, வரி பிடித்து. அழுந்தின மண் ஈரத்தை விடாமல் வைத்திருந்திருக்கும் என்றார் அம்மாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு வரியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

அப்போது அவர் கேட்டார்: "அன்னிக்கி இன்னாத்துக்கு மூக்க மூடிகினு இருந்தீங்க?"

தப்ப முடியவில்லை. எங்கள் ஊர்க் கொல்லை எப்படிப்பட்டது என்று சொன்னேன். அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கண் மேற்கு மூலைக்குப் போயிற்று. நான் தள்ளிய மண் மொத்தமாக விழுந்த இடம் அது. அங்கே கல்லோடு விதையையும் பிளேடு வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு முளைகூட இல்லை.

"அந்த மூலையிலதாங்க மணி நல்லா புடிக்கும். அதத்தான் வெதைக்குன்னு எடுத்து வப்பேன்" என்றார்.

அடுத்த ஆடிக்கு எதை விதைப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.