கதைக்குள் வளர்ந்த மகள்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் வாலிநோக்கத்தில் ஓர் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை. வெயில் ஏறி, ஆட்கள் பாத்திகளை விட்டுக் கரையேறியதும் கொட்டகையில் எனக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில்தான் எழுதுவேன். கவிதைகள் சில பத்திரிகைகளில் வந்திருந்தன, கதையும் ஒன்றிரண்டு.

அந்தப் பங்குனியில் எங்கள் மகள் போய்விட்டாள். நாலு வயது. காலையில் தொடங்கிய பேதி நிற்கவே இல்லை. மாட்டு வண்டி கட்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கீழக்கரையை எட்டுமுன் என் மனைவி மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். "வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றாள். அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. சோறு வடிப்பாள், எனக்குப் போடுவாள், தான் உண்ணமாட்டாள்.

எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். மகளை வெண்பாவில் பாட உட்கார்ந்தேன். கேட்காமலே சொற்கள் வந்து நின்றன. மொட்டு, நிலா, தளிர். அவள் அப்படியெல்லாம் இருந்தவளில்லை. கறுத்த, மூக்கு ஒழுகுகிற, அடம் பிடிக்கிற பிள்ளை. ஆனாலும் எழுதினேன். மூன்றாம் அடியில் எதுகை சரியாக வந்து பொருந்தியபோது மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. பிள்ளை செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் கதை. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, அவளுக்குச் சோறு கொண்டுவரும் ஏழு வயது மகள். மகளுக்குப் பெயர் வைக்கவில்லை. கடைசியில் அவள் காய்ச்சலில் சாகவேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்தச் சாவில் சொல்லிவிடலாம் என்று நம்பினேன்.

ஒரு சாயங்காலம் வீட்டில் திருத்திக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள். "என்ன எழுதுறீக? வாசிங்க."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. வாசித்தேன். பிள்ளை தூக்குச்சட்டியோடு வரப்பில் நடந்து வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இப்புடியா நடப்பா? இடது கால உள்ள திருப்பித்தான வப்பா. அத எழுதலையே?"

நான் அதைக் கவனித்ததே இல்லை. எழுதிச் சேர்த்தேன். மறுநாள், தூங்கும்போது பிள்ளை தன் காதைப் பிடித்துக்கொள்வதைச் சொன்னாள். அதற்கு மறுநாள், கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயை மட்டும் ஒதுக்கி வைப்பதை. நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னைக்கு என்ன செஞ்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உடம்பு கொஞ்சம் தேறியது. நான் எழுதிய எதுவும் அதுவரை யாருக்கும் சோறு போட்டதில்லை.

காய்ச்சல் வரவேண்டிய இடம் வந்தது. ஒரு வாரம் பேனா நகரவில்லை. அவள் விடாமல் கேட்க, கடைசியில் சொன்னேன்.

"கதைன்னா முடியணும்ல? அதுல பிள்ளைக்கு..."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அங்கனயுமா? ஒருக்காப் பத்தாதா?"

கதையில் நான் பிள்ளையைச் சாகவிடவில்லை. எட்டு வயதாக்கினேன், பத்து வயதாக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்குக் கூட்டிப்போய் வளையல் வாங்கிக் கொடுத்தேன். கதை என்ற உருவமே கெட்டுப்போயிற்று. அது எனக்குத் தெரிந்தும் எழுதிக்கொண்டே போனேன். இதற்கிடையில் மனைவி திருத்தம் சொல்வது குறைந்துவந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

பிள்ளை தாவணி போட்ட நாளை வாசித்தேன். அதை நன்றாக எழுதியிருப்பதாக எனக்குள் நினைப்பு. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும். இனிமே வாசிக்க வேணாம்."

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பிள்ளய எனக்குத் தெரியல. நாலு வயசு வரைக்குந்தான் எனக்கு அவளத் தெரியும். இவ யாரோ."

சொல்லிமுடித்ததும் அழுதாள். வண்டியில் அழாதது, குழிமேட்டில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து வாசலிலேயே நின்றார்கள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அப்போதுதான் பிள்ளை போனது உறைத்தது. அதுவரை தினமும் மதியம் கொட்டகையில், கதைக்குள் அவளோடு இருந்துவிட்டு வந்தவன் நான்.

பிறகு முதல் சில பக்கங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். முடிவே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சாவை எழுதிச் சேர்க்க அரைப்பக்கம் போதும். சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு பத்திரிகை அப்படியே போட்டது. அதைப் படித்த உப்பள முதலாளி கொட்டகைக்கே வந்து, "அந்தப் புள்ள கண்ணு முன்னாடி நிக்குதுய்யா" என்றார்.

வீட்டில் மனைவி முற்றத்தில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள். கதை வந்துவிட்டது என்றேன்.

"அவ பேரப் போட்டுட்டீகளா?"

"இல்ல. பேரே போடல."

"சரி. அது நம்மளோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனைக் கையில் எடுத்தாள்.