அக்கா இளைத்த கதை

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைக் குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம் மாமியார் வீட்டார் வந்து அழைத்துப்போவது எங்கள் பக்க வழக்கம். பூந்தமல்லியிலிருந்து அக்காவின் மாமியாரும் அக்கா புருஷனான மாமாவும் வந்தார்கள். குழந்தைக்குக் கொலுசு போட்டார்கள். பிறகு அக்காவை மேலும் கீழும் பார்த்தார்கள். மாமியார் அம்மாவிடம் கேட்டாள்:

“இன்னா சம்மந்தி, நெல்லு மூட்ட கணக்கா ஊத வெச்சிகீறே உம் பொண்ண?”

மாமா சிரித்தார். “பக்கத்துல நடந்தா என்னிய இவ தம்பின்னுவானுங்க.”

“கொஞ்சம் எறங்கட்டும். அப்பால வந்து இட்டுகினு போறோம்” என்றாள் மாமியார். காபி குடித்துவிட்டு இருவரும் கிளம்பிப் போனார்கள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேள்விதான். தண்ணீர் பிடிக்கப் போனால், “இன்னும் வர்லியா?” கடைக்குப் போனால், “இன்னாவாம், எதுனா சண்டையா?” பூண்டுக் குழம்பும் கருவாடும் லேகியமுமாக அக்காவை உட்காரவைத்து ஊட்டிய அம்மா, இப்போது சோற்றுப் பானையை அவள் கண்ணில் படாமல் மூடி வைத்தாள்.

அப்போதுதான் ஆவடி குவார்ட்டர்ஸ் அம்மா ஒருத்தி வீடுவீடாக உடம்பு இளைக்கும் பவுடர் டப்பா விற்க வந்தாள். கணவனுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. பேச்சு மதுரைப் பக்கம். “காலையில ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டி. சோத்தத் தொடக் கூடாது தாயி. அமினோ ஆசிட் எல்லாம் இதுலயே இருக்கு” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் படித்திருந்தேன். அந்த டப்பாவின் இங்கிலீஷை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் படிக்க முடியும். படித்தேன். சோயா புரதம், விட்டமின்கள், அமினோ அமிலங்கள்: பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது, பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்றும் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

“அதெல்லாம் எல்லா டப்பாவுலயும் போட்டுருப்பாக” என்றாள் குவார்ட்டர்ஸ் அம்மா.

அவள் போன பிறகு நான் அக்காவிடம் பொறுமையாகச் சொன்னேன். சில அமினோ அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சோறும் பருப்பும் சேர்ந்தாலே அவை கிடைத்துவிடும். பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையிலுள்ள புரதத்தையே எரிக்கும், விறகில்லாத வீட்டில் கதவை உடைத்து அடுப்பில் வைப்பது போல. எண்ணெயைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, காய் சேர்த்து, தினமும் நடந்தால் மெதுவாக இறங்கும்.

“மெதுவான்னா எப்போ?” என்றாள். “உங்க டீச்சர இட்டாந்து எங்க மாமியார் கைல சொல்லச் சொல்லு.”

அக்கா டப்பா வாங்கினாள். அது தீர்ந்ததும் இன்னொன்று. ரவிக்கையை அவளே பிடித்துத் தைத்துக்கொள்வாள், தைக்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். தலை சீவினால் சீப்பில் முடி கொத்தாக வந்தது. பால் குறைந்து குழந்தை வீறிட்டு அழுதது. பம்படியில் ஒரு நாள் குடத்தோடு மயங்கி விழுந்தாள்.

“போதும்டி. ஒரு வாயி சோறு துன்னு” என்று அம்மா கெஞ்சினாள்.

“அவுங்க வரட்டும்மா. போறப்ப துன்னுட்டுப் போறேன்.”

பூந்தமல்லிக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார்கள். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். அக்கா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தோள் எலும்பு புடவையைத் தூக்கிக் காட்டியது.

“இன்னா நோவு இவளுக்கு?” என்றாள் மாமியார்.

“நோவெல்லாம் ஒண்ணுமில்ல சம்மந்தி. நீங்க சொன்னீங்கன்னுதான்...”

“எறங்கச் சொன்னேன். எலும்பாவச் சொன்னனா? இப்போ இன்னான்னமோ சீக்கு வருது, ஆளு கரைஞ்சிகினே போவுதாம். ரத்தம் டெஸ்ட் எடுத்துக் காட்டு. அப்பால பாக்கலாம்.”

எந்த நோயைச் சொல்கிறாள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அந்த நாட்களில் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஆணுறைப் படத்தோடு அதன் பெயர்தான். மாமா மடியிலிருந்த குழந்தையை எடுத்துப் பாயில் விட்டார். விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “அம்மா, சோறு போடு” என்றாள்.

அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு ஊற்றிப் பிசைந்து, முள் எடுத்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். நிமிர்ந்து, “உங்களுக்கும் போடச் சொல்லட்டா அத்தே?” என்று கேட்டாள். மாமியார் எழுந்துகொண்டாள். மாமா செருப்பைத் தேடினார்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா தோய்க்கிற கல்லருகே உட்கார்ந்து அத்தனையையும் வாந்தி எடுத்தாள். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த வயிறு ஒரே வேளையில் அவ்வளவையும் ஏற்காது. மறுநாளிலிருந்து நான் சொன்னபடி அம்மா கஞ்சியில் பருப்புத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள்.

டெஸ்ட் என்னாச்சு என்று பூந்தமல்லியிலிருந்து ஆள் வந்து கேட்டது. “அவரும் எடுக்கட்டும், நானும் எடுக்கறேன்னு சொல்லு” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை.