சனியைத் தேடிப் போனவள்

என் அக்கா முப்பத்தோரு வருடம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். ரத்தம், சளி, இன்னும் சாப்பிடுகிற நேரத்தில் சொல்லக்கூடாத சில சமாச்சாரங்கள், எல்லாம் கண்ணாடித் துண்டில் ஏறி அவள் கண்ணுக்குக் கீழே வந்து போயின. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘ரிப்பீட்’. பெரிய டாக்டரே வந்து பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும், கொஞ்சம் சந்தேகம் இருந்தால் போதும், "ரிப்பீட் பண்ணணும் சார்" என்பாள். தன் கண்ணால் பார்க்காததை ஒரு எழுத்துகூட எழுத மாட்டாள். எழுதுகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டாள்.

அவளுக்கு வாய்த்தவர், அதாவது என் மாமா, பஸ் டிரைவர். எல்லாவற்றிலும் நேர் எதிர். யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்", யார் என்ன காட்டினாலும் "அற்புதம்". உப்புப் போட மறந்த சாப்பாட்டை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அடுத்தவர் மனது நோகக்கூடாதாம். இந்த இரண்டு பேரும் இருபத்தெட்டு வருடம் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கிறேன். பிளம்பர். எனக்கு என் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது.

போன வருடம் கம்பெனியில் கண் பரிசோதனை வைத்தார்கள். மாமாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டிப்போவில் உதிரி சாமான் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கண் டாக்டரிடம் நான்தான் என் வண்டியில் இருவரையும் கூட்டிப்போனேன். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, இனி வராது என்றார் டாக்டர். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கும் இதே கதிதான். எப்போது என்று கேட்டாள் அக்கா. ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருடமும் ஆகலாம் என்றார். இப்படி ஒரு ரிசல்ட்டை அவளுடைய லேபில் யாராவது எழுதியிருந்தால் அக்கா கிழித்துப் போட்டிருப்பாள்.

திரும்பி வரும் வழியில், பாதி தூரத்தில் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"இன்னும் என்னத்தைப் பாக்கணும்னு இருக்கு உங்களுக்கு? சொல்லுங்க. கடலா, மலையா?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் பாக்காத மலையா?" என்றார் மாமா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனி கிரகத்தைச் சுத்தி வளையம்னு போடுறாங்களே, அது நிஜமாவே இருக்கான்னு ஒரு தடவை பாக்கணும். பள்ளிக்கூடப் புஸ்தகத்துல பாத்ததோட சரி. யாரோ சும்மா அழகுக்கு வரைஞ்சு விட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் பேச்சை மாற்றத்தான் அப்படிச் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள என் அக்காவுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ஆள் உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலு மாடி. தூக்கியது யார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மாடித் தையல்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள்ளே தொலைநோக்கி, சனியைப் பார்க்க என்று விஷயத்தைச் சொன்னோம்.

"சனி நம்ம பக்கம் திரும்பாம இருந்தாப் போதும்னு அவனவன் இருக்கான். நீங்க தேடிப் போய்ப் பாக்கப் போறீங்களா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாயிடும், சொல்லிட்டேன்."

"அது எங்கிருந்து பாத்தாலும் அங்கேயேதான் இருக்கும்" என்றாள் அக்கா. நான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது இருவருக்கும் நினைவில்லை.

பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு "பொய்" என்றாள். பெரிதாக்கப் பெரிதாக்க மங்கல்தான் பெரிதாகும், இருப்பதிலேயே குறைந்த மடங்கில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது மைக்ராஸ்கோப் பிடித்த கைக்குத் தெரிந்த பாலபாடமாம். குறி பார்க்க மேலே இருந்த குட்டிக் குழாய் வழியாகப் பார்த்தால் ஒரு இடம் தெரிந்தது, பெரிய குழாய் வழியாகப் பார்த்தால் வேறு இடம் தெரிந்தது. பட்டப்பகலில் மொட்டைமாடியில் நின்று, தூரத்து செல்போன் டவரின் உச்சியை இரண்டிலும் நடுவுக்குக் கொண்டுவந்து திருகாணிகளை இறுக்கினாள். டவர் தலைகீழாகத் தெரிந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "எங்க லேபில எல்லாமே முப்பத்தோரு வருஷமாத் தலைகீழாத்தான் தெரிஞ்சுது. யாரும் சாகலையே" என்றாள்.

தொட்டால் போதும், அதைத் தாங்குகிற முக்காலி ஆடியது. அதற்கு நான் வைத்தியம் செய்தேன். கால்கள் சேருகிற இடத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டேன், ஆட்டம் நின்றது. இதற்கு அக்கா என்னைப் பாராட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலத்தில் சனி தெரிகிற காலம் வர ஆறு மாதம் காத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணி சுமாருக்கு, கிழக்கே எதிர்க் கட்டடத்துக்கு மேலே சனி வந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். திருகினாள். மூச்சை அடக்கினாள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்று தடவை பார்த்த பிறகு, "இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

நானும் பார்த்தேன். ஒரு சின்ன மஞ்சள் உருண்டை. அதன் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு மெல்லிய கோடு. இதற்கா நாலு மாடி தூக்கினேன் என்று வயிறு எரிந்தது.

"படத்துல அகலமா வளையம் இருக்குமே, எங்கே அது?"

"இந்த வருஷம் விளிம்புதான் நம்ம பக்கம் இருக்கு. ஒரு தட்டைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுப் பாரு, கோடாத்தான் தெரியும்."

மாமா அப்போது அங்கே இல்லை. டிப்போவிலிருந்து வந்து ஏழரைக்குத்தான் மாடி ஏறினார். அக்கா சனியைச் சரியாக நடுவில் நிறுத்தி, விலகி, அவருக்கு இடம் விட்டாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, நல்ல கண்ணான இடது கண்ணை வைத்தார்.

"அடேயப்பா! அற்புதம்!"

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே அவளும் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. சனி நகர்ந்து போயிருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே. எதைப் பாத்தீங்க?"

"இப்பத்தான் போச்சு" என்றார் மாமா.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். நடுவில் நிறுத்தி அவர் குனிவதற்குள் அது ஓரத்துக்குப் போய்விடும். அவர் அற்புதம் என்பார். அக்கா பார்த்தால் வெறும் இருட்டு. அவளுடைய உலகத்தில் கண்ணாடித் துண்டைக் கிளிப் போட்டு நிறுத்தினால் நிறுத்தியதுதான், அது எழுந்து நடந்து போகாது. அதனால் கடைக்கு போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"உங்க ஸ்டாண்டு நிக்க மாட்டேங்குது. எவ்வளவு இறுக்கினாலும் நகருது."

"மேடம், ஸ்டாண்டு நகரல. பூமி சுத்துது" என்றான் கடைக்காரன்.

"அதைப் பெட்டி மேல எழுதியிருக்கணும்" என்று சொல்லி போனை வைத்தாள் அக்கா.

பூமியை இறுக்க அவளிடம் திருகாணி இல்லை. அதனால் வழியை மாற்றினாள். சனி எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருமோ அந்த ஓரத்தில் வைத்துவிட்டு மாமாவைக் குனியச் சொன்னாள். அது ஆடி அசைந்து மறு ஓரம் போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆகும். அவர் எவ்வளவு மெதுவாகக் குனிந்தாலும் தப்பிக்க முடியாது. நானே சோதித்துப் பார்த்தேன்.

மாமா முழுதாக இரண்டு நிமிடம் பார்த்தார். "அற்புதம்" என்றார்.

அக்கா ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினாள். லேபில் புதிதாகச் சேர்கிற பெண்களிடம் அவள் இப்படித்தான் செய்வாளாம். பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாள், பார்த்ததை வரையச் சொல்வாள்.

"என்ன பாத்தீங்களோ, அதை வரைங்க."

மாமா சுவரில் தாளை வைத்து, மாடி விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சாய்த்துச் சாய்த்து வரைந்தார். அழகான உருண்டை. சுற்றிலும் அகலமான வளையம், நடுவே இடைவெளி, நிழல்கூட விட்டிருந்தார். அச்சு அசல் பள்ளிக்கூடப் புத்தகம். அந்த மனிதருக்கு இவ்வளவு நன்றாக வரைய வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது.

"நீங்க பாக்கவே இல்ல."

"இல்லம்மா, இதேதான்..."

"பாக்கல. இந்த வருஷம் அது இப்படித் தெரியாது. முதல் நாள்லேருந்து நீங்க ஒண்ணுமே பாக்கல." குரல் உடைந்துவிட்டது. "பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாமா? ஊரான் ரிப்போர்ட்டுல ஒரு பொய் வராம காப்பாத்தினேன், என் வீட்டுக்குள்ளயே இப்படியா?"

என் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மாமா பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். அப்புறம் எடுத்தார். மறுபடி செருகினார்.

"இடது கண்ணுலயும் வந்துடுச்சு" என்றார். "நாலு மாசமாச்சு. நடுவுல சாம்பலாட்டம் ஒரு திட்டு. எதை நேராப் பாத்தாலும் அது வந்து மேல உக்காந்துக்குது. நீ இவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தே, தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

"போன தடவை டாக்டர்கிட்ட தனியாப் போயிட்டு வந்தீங்களே. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாரே?"

"அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதரைத் திட்ட எனக்கு நாக்கு துருதுருத்தது. ஆனால் வாய் வரவில்லை. இறங்கிப் போய்விடலாம் என்றால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். தண்ணீர்த் தொட்டியின் வால்வைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வால்வு.

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ என் மூஞ்சி?"

"அதுவும்தான்" என்றார் மாமா. "நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்காது. காதைப் பாத்தா மூஞ்சி தெரியும். நாலு மாசமா உன் காதைப் பாத்துத்தான் பேசிட்டிருக்கேன்."

கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். தொலைநோக்கியைத் திருப்பி, சனியைப் பிடித்து, ஓரத்தில் வைத்தாள்.

"வாங்க. என்னை எப்படிப் பாக்குறீங்களோ, அப்படியே அதையும் பாருங்க."

"அதுக்கு ஏது காது?"

"பக்கத்துல இருட்டு இருக்குல்ல, அந்த இருட்டைப் பாருங்க. அதைப் பாக்காதீங்க."

மாமா குனிந்தார். இந்தத் தடவை அற்புதம் என்று சொல்லவில்லை. "தெரியல" என்றார். அக்கா மறுபடி ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். "மேல பாருங்க." தெரியல. "இடது பக்கம்." தெரியல. அந்த மனிதர் வாயிலிருந்து இத்தனை ‘தெரியல’ ஒரே சாயங்காலத்தில் வந்து நான் கேட்டதில்லை. நாலு தடவை சனி வந்து போனது. முட்டி வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. போதும் என்று அவளும் சொல்லவில்லை. அட, தெரிந்து தொலையேன் என்று அந்தக் கிரகத்தை மனதுக்குள் திட்டினேன்.

ஐந்தாவது தடவை, "இரு" என்றார் மாமா.

மூச்சுக்கூட விடவில்லை. குனிந்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டினார். அக்கா தாளைக் கொடுத்தாள். இரண்டு நிமிடமும் முடிந்து சனி வெளியே போன பிறகுதான் அவர் நிமிர்ந்தார். சுவரில் வைத்து வரைந்தார். கோணல் மாணலாக ஒரு உருண்டை. அதன் குறுக்கே ஒரு கோடு. வேறு ஒன்றுமில்லை.

"வளையம்னாங்க. எனக்கு ஒரு கோடுதான் தெரிஞ்சுது" என்றார் தயங்கித் தயங்கி. "மங்கலா வேற இருக்கு. உண்மையைச் சொல்லணும்னா, அவ்வளவு நல்லா இல்ல."

அக்கா தாளை வாங்கினாள். அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளால் பேச முடியவில்லை. தாளை மார்போடு வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கும் கண் கலங்கியது. எனக்கு மட்டும் கலங்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கிறதா என்ன?

மறுநாள் காலையில் மூன்று பேரும் கண் டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை டாக்டர் சொன்னதை அக்காவே நேரில் கேட்டுக்கொண்டாள். கண்ணில் ஊசி போட்டார்கள், இப்போதும் போடுகிறார்கள். சில மாதம் அந்தத் திட்டு அடங்கி நிற்கிறது, சில மாதம் வளர்கிறது.

அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசும்போது நேர் எதிரே நிற்பதில்லை. ஒரு முழம் இடது பக்கமாகத் தள்ளி நிற்கிறாள். மாமா நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார், அவள் முகம் அவருக்குத் தெரிகிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம், முகத்தைப் பார்த்துக்கூடப் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை.