வாடகை இடத்தில் சைபர்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்தும் கோணும், பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெளிநாட்டில், இல்ஃபோர்ட் என்ற ஊரில், ராணி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். அவள் உறவில்லை, ஆனாலும் தங்கச்சிதான். மாதா மாதம் அறைக்குக் காசு கொடுப்பேன். அதை வாடகை என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வராது.

போன மாரிக் குளிரில் உணவு உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே என் விபரத்தைக் கணினியில் பதிந்த தமிழ்ப் பெண், "அம்மா, வாடகை எவ்வளவு?" என்றாள்.

"தங்கச்சி வீட்டில என்ன வாடகை, மகள்!" என்றேன்.

அவள் வாடகை இடத்தில் சைபர் அடித்தாள். வீட்டுச் செலவு இல்லாததால் உதவி இல்லை என்று கடிதம் வந்தது. வெட்கத்தில் அதை மறைத்துவிட்டு, பாண் ரொட்டியும் தேநீருமாக ஒரு கிழமை இருந்தேன். ராணி கடிதத்தைக் கண்டுவிட்டாள்.

"அக்கா, மாசா மாசம் தாறது என்ன, கோயில் உண்டியலுக்கோ? பட்டினி கிடந்தோ எனக்கு மரியாதை தாறியள்?" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே சோறும் போட்டாள். மறுநாள் அந்த அலுவலகத்துக்குக் கூடவே வந்து, நான் தருவது வாடகை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாள். உதவி கிடைத்தது.

இப்போதெல்லாம் கொடுப்பதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். பதிந்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து வைக்கிறேன். ஹீட்டருக்குக் கொடுக்கும் காசையும் வீட்டுச் செலவாகச் சொல்லலாமாம். அது சரியோ என்று விபரம் தெரிந்தவர்கள் பார்த்து எழுதுங்கள்.