செவ்வாய்க்கிழமைச் சட்டை

எனக்கு உட்காரத் தெரியாமல் போனது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். பக்கத்தில் எழுதுகிறவனின் எழுத்து கோணிக்கொண்டு போகும், முறைப்பான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதித் தட்டில் எழுந்து வாசல் வரை போய்விட்டு வருவேன். மந்தைவெளியில் எங்களுடையது ஒன்றரை அறை வீடு. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தால் அம்மா மேல் மோதிக்கொண்டேதான் நடக்க வேண்டும். "நாய்க்கு வேலையில்ல, நிக்க நேரமில்லன்னு உன்னப் பாத்துத்தான்டா சொன்னாங்க" என்பாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. ஆகவே கண் பட்டது உறுதி என்று மறு வாரமும் போட்டாள்.

உள்ளே நடந்ததை அவளிடம் என்னவென்று சொல்வது? விடியும் முன்பே தூக்கம் போய்விடும். கண்ணைத் திறந்த நிமிஷத்திலிருந்து, ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டு மாட்டப் போகிறவனுக்கு அடிப்பதுபோல நெஞ்சு அடிக்கும். அந்தத் தப்பு என்னவென்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இரண்டு அரியர் இருந்தது உண்மை. ஆனால் இரண்டு அரியருக்கு இவ்வளவு பயம் என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஊரை விட்டு ஓடியிருக்க வேண்டும். நாளாக ஆக, பயத்துக்குப் பின்னால் இன்னொரு நினைப்பு வந்தது. நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்கிற நினைப்பு. எனக்குத்தான் உட்கார இடமில்லை. அது மட்டும் சட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பயந்துதான் நான் அலைந்தேன்.

அலைவதற்குப் பறக்கும் ரயில் வசதி. தரமணியில் இறங்க வேண்டியவன் வேளச்சேரி வரை போவேன், அங்கிருந்து திரும்பி மயிலாப்பூர், மறுபடி வேளச்சேரி. வண்டி ஓடும்போது மூச்சு ஒழுங்காக வரும், ஸ்டேஷனில் நின்றால் போச்சு. ஆனால் எவ்வளவு நாள் இப்படி ஓட முடியும்? எங்கள் கல்லூரியில் ஒரு பீரியட் வகுப்பில் இல்லையென்றால் அடுத்த பீரியட் முடிவதற்குள் அப்பாவின் போனுக்கு மெசேஜ் போய்விடும். அப்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்று, "இன்னாடா, காலேஜ் போறேன்னு சொல்லிட்டு எங்க சுத்திக்கினு கீற?" என்று தெரு கேட்கக் கத்தினார்.

கல்லூரியில் கவுன்சிலர் ஒருவர் இருந்தார். ஆனால் அந்த அறையைப் பற்றி எங்களுக்குள் ஒரு புராணமே உண்டு. "மச்சி, அங்க மட்டும் போயிடாத. போனா உடனே வீட்டுக்கு போன் அடிப்பாங்க, அடுத்து டி.சி.தான்" என்றான் என் நண்பன். டி.சி. வாங்கிப் போன ஒருவனை அவனுக்குத் தெரியுமாம். யார் என்று கேட்டால் சீனியர் என்பான், எந்த டிபார்ட்மென்ட் என்றால் பேச்சை மாற்றுவான். நான் நம்பினேன். பயந்தவனுக்கு எந்தப் புராணமும் நிஜம்தான்.

ஒருநாள் இந்திரா நகர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, கல்லூரி நோட்டீஸ் போர்டிலிருந்து போட்டோ எடுத்து வைத்திருந்த மனநல உதவி எண்ணை அழைத்தேன். ஒரு பெண்குரல் வந்தது. நான் வாயைத் திறக்கவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பேசாமல் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, "ட்ரெயின் போகட்டும்பா, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினேன். வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதால் கல்லூரி கவுன்சிலரிடம் போக முடியாது என்றேன். "போனதும் மொதல்ல அதையே கேளுங்க. நான் சொல்றத யார்கிட்ட சொல்வீங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் பேசறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க" என்றார். கேள்வியாகக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கவுன்சிலர் அறை ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில். யார் யோசித்து அங்கே வைத்தார்களோ, கல்லூரி மொத்தமும் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். நானும் ஜெராக்ஸ் வரிசையில் நிற்பதுபோல் நின்று, என் முறை வந்ததும் கடைக்காரரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சட்டென்று பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே என் அக்கா வயதில் ஒரு மேம். நான் கேள்வியைக் கேட்டேன். "நீ சொல்றது என்கிட்டதான் இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றார். டி.சி. பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "உட்காரு" என்றார். உட்கார முடியவில்லை என்றேன். "சரி, நடந்துகிட்டே சொல்லு."

ஒவ்வொரு செவ்வாயும் மூன்றாம் பீரியடில் வரச் சொன்னார். அப்பாவுக்கு மெசேஜ் போகுமே? அதற்கு ஓ.டி. இருக்கிறது. வகுப்புக்கு வராமல் கல்லூரி வேலையாக வெளியே இருந்தால் 'ஆன் டியூட்டி' என்று வருகை போடுவார்கள். அதைப் போட வேண்டியவர் எங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர், மென்டர் என்பார்கள், நல்ல மனுஷர். கம்ப்யூட்டரைத் திறந்து காரணத்தைத் தேடினார். விளையாட்டு, ரத்த தானம், பிளேஸ்மென்ட், சிம்போசியம் என்று வரிசையாக இருந்தது. "இதுல கவுன்சிலிங்கே இல்லப்பா" என்று தலையைச் சொறிந்தார். பிறகு சிம்போசியம் என்று அழுத்திவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் என் அப்பாவின் போனுக்கு, உங்கள் மகன் ஓ.டி.யில் இருக்கிறான், காரணம் சிம்போசியம், என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் போயிற்று.

முதல் வாரம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம், "சிம்போசியம்னா இன்னா நைனா?" என்றார். மாணவர்கள் கூடிப் பேசுவது, பேப்பர் வாசிப்பது என்றேன். "ஓ" என்றார். அதற்கடுத்த ஞாயிறு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு தி.நகர் போனார். தீபாவளி தவிர்த்து அப்பா எனக்குத் துணி எடுத்ததே இல்லை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் கடைக்காரர் பேசுவது காதில் விழவில்லை. அப்பா எதையும் கவனிக்காமல் சட்டைகளை என் மார்பில் வைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் இளநீல நிறத்தில் ஒன்றை எடுத்தார். "இது ஷோக்கா கீது. செவ்வாக்கெழம இத்தப் போட்டுக்கினு போ. ஷேவ் பண்ணிக்கினு போ" என்றார். பைக்கை எடுக்கும்போது, "எல்லா வாரமும் அதே ஆளுங்கதான் வராங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்கோ சிரித்தார்.

நான் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு ஜெராக்ஸ் வரிசையில் நின்றேன். "என்னப்பா, இன்டர்வியூவா?" என்றார் மேம். கதையைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்று நானும் சிரித்தேன். சிரித்து முடித்த கையோடு அவர் கேட்டார்: "சாகணும்னு தோணுதா?" சுற்றி வளைக்காமல், பசிக்கிறதா என்று கேட்கிற குரலில். இதற்கு முன் கேட்டபோது இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். அன்று, "சில நேரம்" என்றேன். சொன்னதும் என்னவோ ஆகும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேம் நாற்காலியை எனக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போது, எவ்வளவு நேரம், அப்போது நான் என்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்றார். "நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் மேம், இந்த வாரத்துக்குள்ள."

"அதுவரைக்கும் தினமும் கூப்பிடுவேன். ரொம்ப மோசமா இருந்தா எங்க போவ?"

யோசிக்காமல், "அப்பா பட்டறைக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அப்பாவிடம் நான் பேசியதெல்லாம் ஃபீஸ், பெட்ரோல், கிரிக்கெட் ஸ்கோர் இவ்வளவுதான்.

மேம் தினமும் கூப்பிட்டார். நான் தினமும் நாளைக்கு என்றேன். அப்பா வருவார், சாப்பிடுவார், நியூஸ் பார்ப்பார். நான் வாயைத் திறப்பேன், தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொள்வேன். தன் பிள்ளை ஏதோ சாதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே! சட்டை வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் போய் எந்த வாயால் இதைச் சொல்வது?

சனிக்கிழமை கல்லூரி அரை நாள். மதியம் அந்த நினைப்பு என்றைக்கும் இல்லாத பலத்தோடு எழுந்தது. அம்மா ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். காலியான வீட்டில் என்னைத் தனியாக விட எனக்கே நம்பிக்கை இல்லை. மேமைக் கூப்பிட்டேன். "இப்பவே பட்டறைக்குக் கிளம்பு. போய்ச் சேந்ததும் அப்பாகிட்ட போனைக் குடு. நீ கூப்பிடலன்னா நான் கூப்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றார். கிடைத்த பஸ்ஸில் கிண்டி வரை தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நடந்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் லாரிகள் ஹார்ன் அடித்தபடி இருந்தன. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டறையில் அப்பா லேத்தில் குனிந்திருந்தார். கட்டிங் ஓடும்போது பாதியில் நிறுத்தினால் வேலை கெட்டுவிடும் என்பதால் முதலாளி கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டார். நான் வீட்டிலிருந்து எப்போது போன் செய்தாலும் அந்த இரைச்சலுக்கு நடுவில் கத்திவிட்டு வைத்துவிடுவார். என்னைப் பார்த்ததும் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"இன்னாடா, இன்னிக்குமா சிம்போசியம்?"

"சிம்போசியமே இல்லப்பா!" என்று நானும் கத்தினேன்.

"அதான் தெரியுமே! டீக்கடைல ஒரு காலேஜ் பையன கேட்டேன், அது வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வருமாமே. யாருடா அந்தப் பொண்ணு?"

கண்ணைச் சிமிட்டினார். சட்டை, ஷேவிங், அதே ஆளுங்கதான் வராங்களா, எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம் பொங்கியது, அழுகையும் பொங்கியது. நாலு நாளாக மெதுவாகச் சொல்ல வார்த்தை தேடியதை அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்று காதைக் காட்டினார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, சட்டென்று சுவிட்சைத் தட்டினார். நான் அதற்குள் மறுபடி கத்தத் தொடங்கியிருந்தேன்.

"எனக்கு சாகணும் போலவே கீதுப்பா!"

மெஷின் நின்ற அமைதியில் அது பட்டறை முழுக்கக் கேட்டது. டிரில்லிங் மெஷினில் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "பொண்ணு இல்லியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "பொண்ணுன்னு நெனச்சு சந்தோஷமா இருந்தேன் நைனா" என்றார். பிறகு மேமிடம் போனில் பேசினார். நின்றபடி, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். லேத்தில் இருந்த வேலை பாழாகியிருந்தது. முதலாளியிடம் போய், "என் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டது அனுமதியா இல்லையா என்று அவர் யோசிப்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டார்.

மேம் சொன்ன டாக்டர் அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அவரும் அதே கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டார். என் பதிலை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "காலேஜுக்குப் போவாம சுத்துறான்னு ஒரு நாளு கத்திட்டேன் டாக்டர். அதாலயா?" என்றார். "அதனால மட்டும் இது வராதுங்க. இது நோய். மருந்து இருக்கு, சரியாகும்" என்றார் டாக்டர். அப்பா அதை நம்பாதவர்போல் மறுபடி ஒருமுறை கேட்டார். டாக்டர் மறுபடி ஒருமுறை சொன்னார்.

அம்மாவிடம் அப்பாதான் சொன்னார். அவள் அழுது தீர்த்தாள். மறுநாளிலிருந்து மாத்திரை அவள் பொறுப்பு. மிளகாய் சுற்றிப் போடுவதையும் நிறுத்தவில்லை. அதுபாட்டுக்கு அதுவும் நடக்கட்டும் என்றாள். மாத்திரையின் முதல் நாட்கள் கொடுமையாக இருந்தன. வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூக்கம் வந்தது, முழங்கால் மட்டும் ஆட்டத்தை விடவில்லை.

அடுத்த செவ்வாய் இளநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் வரிசையில் நின்றேன். மூன்றாம் பீரியட் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அப்பா. எடுத்துக் காதில் வைத்ததும் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. போனுக்குப் பின்னால் சத்தமே இல்லை. வேலை நேரத்தில் லேத்தை நிறுத்திவிட்டு அழைத்திருக்கிறார்.

"மெசேஜ் வந்துச்சு. சிம்போசியம்னு போட்டுக் கீது" என்றார்.

"ஆமாப்பா."

"சட்டை போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன்."

"சரி. உள்ள போ. நீ உள்ள போற வரிக்கும் நான் வெக்கல."

வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அன்று முதல்முறையாக, ஜெராக்ஸ் எடுக்கிறவன்போல் நிற்காமல் வரிசையை விட்டு வெளியே வந்து, எல்லாரும் பார்க்க அந்தக் கதவைத் தட்டினேன்.